முன்றிற் புன்னை: நெய்தல் மரம் ஒன்றின் வரலாறு

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பணிக்கப்பட்டபோது, நெய்தல் திணை பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். முனைவர் பட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. எனினும் அத்திணையைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு எவ்வளவு உண்டு என்பதை ஒரு மாணவி எனக்கு முன்னரே உணர்த்தியிருந்தாள். அதை இங்கே மறைக்காமல் சொல்லித் தொடங்குவதே முறை.

2014ஆம் ஆண்டில் ஒருநாள் வகுப்பில் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். பாட்டில் புன்னை வந்தது. “புன்னை எப்படி இருக்கும், அம்மா?” என்று உள்நாட்டு ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள். சாளரத்தின் வழியே தெரிந்த ஒரு மரத்தைச் சுட்டி, “இதுபோலத்தான்” என்றேன். கடைசி வரிசையிலிருந்து மண்டபத்தூர் மாணவி தயங்கியபடி எழுந்தாள். “அது பூவரசு, அம்மா. புன்னை எங்கள் ஊரில் இருக்கிறது” என்றாள். மறுநாள் வந்தபோது கைக்குட்டையில் ஒரு பிடி உருண்டைக் காய்களை முடிந்து கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். அவள் ஊர்ப் பிள்ளைகள் கோலியாடும் காய்கள் அவை.

புன்னை வரும் பாடல்களை எண்ணிக் கணக்கிட்டு ஓர் இயலே எழுதியவள் நான். ஆனால் அந்த மரம் எனக்குத் தெரியவில்லை. மரத்தடியில் விளையாடி வளர்ந்த அந்தப் பெண்ணுக்கோ, தன் ஊர் மரத்தைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டு இருப்பது அன்றுதான் தெரிந்தது. சொல் ஒருவரிடமும் பொருள் ஒருவரிடமுமாக இப்படிப் பிரிந்து நின்றது எதனால்? இக்கட்டுரை அவ்வினாவிற்கு விடைகாண முயல்வது. வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கத்தக்க, என்றும் பசுமை மாறாத, வறட்சியைத் தாங்கும் பூமரம் ஒன்றின் வரலாறாகவும் இதனைக் கொள்ளலாம்.

சான்றோர் கண்ட மரம்

நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் நெய்தலின் கருப்பொருளுள் கண்டல், ஞாழல் ஆகியவற்றோடு புன்னையையும் வைக்கிறது. இலக்கணம் பெயரளவில் சொல்லிச் செல்வதைச் சங்கப் பாடல்கள் நுணுக்கமாகக் காட்டுகின்றன. அப்பாடல்களை அழகிற்காக மட்டும் படித்துப் பழகிய நாம், அவற்றில் உள்ள மரநூற் செய்திகளைக் கவனியாமல் விட்டுவிடுகிறோம்.

குறுந்தொகையின் ஐந்தாம் பாட்டு நரிவெரூஉத்தலையார் பாடியது. குருகுகள் உறங்கும் நிழலையுடைய புன்னை, உடையும் அலையின் திவலை பட்டு அரும்புவதாக அவர் சொல்கிறார். உப்புத் துளி பட்டால் மரங்கள் பல இலை கருகி நிற்கும். புன்னையோ அத்துளியிலேயே நின்று அரும்புகிறது. உப்புக்காற்றைத் தாங்கும் இயல்பு இம்மரத்திற்கு மிகுதி என்று இன்றைய மரநூலார் கூறுவதும் இதுவே. அதே நூலின் 123ஆம் பாட்டில் ஐயூர் முடவன், புன்னையின் நிழலை இருளுக்கும் அதன் அடியில் கிடக்கும் மணலை நிலவுக்கும் ஒப்பிடுகிறார். தடித்து, பளபளத்து, நெருங்கிய இலைகளையுடைய மரத்தின் நிழல் நடுப்பகலிலும் கருத்தே கிடக்கும். கோடையில் இலையுதிர்த்து வெறுங்கிளையாக நிற்கும் மரத்தைப் பற்றி இவ்வுவமை எழ வழியில்லை.

நற்றிணையின் நான்காம் பாட்டில் அம்மூவனார் காட்டும் பரதவர், புன்னை நிழலில் இளைப்பாறிக் கடலின் பதம் பார்த்து இருக்கின்றனர். வலையை உலர்த்தும் இடமும் அதுவே. கடலுக்குப் போவதா வேண்டாவா என்று முடிவெடுக்கும் மன்றமாகவே அந்நிழல் இருந்திருக்கிறது. நெய்தற் பாடல்கள் பலவற்றில் புன்னை வீட்டு முன்றிலில் நிற்கிறது. சிற்றூரின் நடுவில் நிற்கிறது. ஆள் அரவமற்ற கானற் சோலையில் மட்டும் நிற்பதில்லை. மனிதர் நட்டு, மனிதரோடு வாழ்ந்த மரம் அது என்பது இதனால் புலனாகும்.

இவை அனைத்தினும் நம் பொருளுக்கு இன்றியமையாதது நற்றிணை 172ஆம் பாட்டு. பாடியவர் பெயர் தெரியவில்லை. விளையாட்டுத் தோழியரோடு வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள் சிறுமியர். அது முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பாலூற்றி அதை வளர்க்கிறார்கள். அன்னையோ, உங்களைவிடச் சிறந்தவள் இவள், உங்கள் தங்கை என்று அம்மரத்தைப் பாராட்டுகிறாள். பின்னர் அந்நிழலில் தலைவனோடு பேசிச் சிரிக்கத் தலைவிக்கு நாணம் வருகிறது. தங்கையின் எதிரில் காதல் பேசுவது எப்படி? வேறு நிழல் இருந்தால் பார்த்துக்கொள் என்கிறாள் தோழி. மரத்தை உடன்பிறந்தாளாகக் கொண்ட அன்பின் உயர்வை உரையாசிரியரும் ஆய்வாளரும் விரித்துப் பேசியுள்ளனர். நானும் பேசியிருக்கிறேன். ஆயினும் அப்பாட்டின் தொடக்கத்தில் உள்ள மறதியின் பொருள் எனக்கு விளங்கியது, மாணவி தந்த காயை மண்ணில் ஊன்றிய பின்னரே. அதனைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் சொல்வேன்.

காவல் மரமும் கானல் வரியும்

கடற்கரையில் மட்டுமன்றி அரசியலிலும் புன்னைக்கு இடமிருந்தது. திதியன் என்பானுடைய காவல் மரம் புன்னை. அதனை விரும்பிய அன்னி என்பான் குறுக்கைப் பறந்தலையில் போரிட்டு அம்மரத்தை வெட்டி வீழ்த்தினான் என்று அகநானூறு சொல்கிறது. போர் வேண்டாம் என்று எவ்வி கூறிய நல்லுரையை அன்னி கேளாமையும் அந்நூலில் குறிக்கப்படுகிறது. பகைவனின் மரத்தை வெட்டுதல் அவன் குடியை வெட்டுதற்கு ஒப்பானது என்ற நம்பிக்கை அக்காலத்தது. ஒரு குடியின் உயிராக மதிக்கப்பட்ட மரங்களுள் புன்னையும் ஒன்று என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடியைக் கடந்து சென்றால் பூம்புகார். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் இந்திரவிழா முடிவில் கடலாடச் சென்று அமர்ந்த இடம் ஒரு புன்னை நிழலே. புதுமணற் பரப்பில் ஓவியத் திரை சூழ, மேலே விதானம் கட்டி அமர்ந்து யாழை எடுத்தனர். அங்கே எழுந்த கானல்வரிப் பாட்டுகளால் ஒருவரையொருவர் ஐயுற்றுப் பிரிந்தனர். மதுரை எரிந்ததற்கும் வஞ்சியில் கல் எடுத்ததற்கும் மூலமான அப்பிரிவு நிகழ இளங்கோவடிகள் தேர்ந்துகொண்ட இடம், நம் கடற்கரைப் புன்னையின் நிழல்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர் வரிசையில் புன்னையும் உண்டு, புன்னாகமும் உண்டு. இரண்டையும் தனித்தனியே அவர் எண்ணுவதால், பிற்காலத்தார் ஒன்றாகக் கருதிய இவ்விரு பெயரும் சங்க காலத்தில் வேறு வேறு மலரைச் சுட்டின எனக் கொள்ள இடமுண்டு. இத்தகைய சிக்கல்களை ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு தீர்க்க இயலாது. புதுச்சேரி அரசின் ஆட்சிப் பணியில் இருந்த பி. எல். சாமி அவர்கள் 1967இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ என்னும் நூல், பாட்டையும் செடியையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் வழியைத் திறந்தது. நம் புதுவை மாநிலத்தோடு தொடர்புடைய அவ்வறிஞரின் வழியில் நம்மவர் பலர் தொடரவில்லை என்பது வருந்தத்தக்கது.

தலமரமாகிய புன்னை

பக்தி இயக்கக் காலத்தில் புன்னை கோயிலுக்குள் புகுந்தது. மயிலைக் கபாலீசுவரத்தின் தலமரம் புன்னை. அம்மை மயிலுருக்கொண்டு இறைவனை வழிபட்டது அம்மரத்தடியில் என்பது தலபுராணம். எலும்பைப் பெண்ணாக்க ஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைத் திருப்பதிகத்தின் முதற் பாட்டே மயிலையின் புன்னைக் கானலை முன்வைத்துத் தொடங்குகிறது. நாவுக்கரசர் முத்தியடைந்த திருப்புகலூருக்குப் புன்னாகவனம் என்ற பெயரும் உண்டு, தலமரம் புன்னையே. கடலுக்கு வெகுதொலைவில், காவிரியின் நடுவில் அமைந்த திருவரங்கத்திற்கும் புன்னை தலமரமாயிற்று. நெய்தல் மரம் ஆற்றைப் பற்றிக்கொண்டு உள்நாடு ஏறியதை இது காட்டும்.

மண்டபத்தூரை அடுத்துள்ள திருவேட்டக்குடியும் ஞானசம்பந்தர் பாடல் பெற்ற தலம். அதன் தலமரமும் புன்னையே. வேட உருவில் இறைவன் மாசி மகத்தன்று கடலாட எழுந்தருளும்போது, இக்கரையின் மீனவ ஊர்கள் அவரைத் தம் வீட்டு மாப்பிள்ளையைப் போல எதிர்கொள்கின்றன. காரைக்கால் என்றவுடன் அம்மையாரும் மாங்கனியும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் மாங்கனி நகரத்து வணிகர் வீட்டில் கனிந்தது. அலைவாய்க்கரைக்கு உரிய தெய்வ மரம் புன்னை. நம் வட்டத்தார் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவைப் பாடுகிறோம்; திருவேட்டக்குடிப் புன்னையை நம்மில் யாரும் பாடியதில்லை.

ஊர்ப்பெயர்களும் இம்மரத்தை நினைவில் வைத்துள்ளன. தஞ்சையருகே புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் உண்டு. பொருநையாறு கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் உண்டு. 1586இல் அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ அச்சேறியது அப்புன்னைக்காயலில். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் ஒன்று, புன்னையின் பெயர் தாங்கிய கடற்கரை ஊரில் வெளிவந்தது என்பதை அறியும்போது எழுத்தை நேசிப்போர்க்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகும்.

அயலார் ஏட்டில்

ஐரோப்பியர் நம் கரைக்கு வந்தபின் புன்னை அவர்களுடைய ஏடுகளிலும் ஏறியது. கொச்சியில் ஒல்லாந்தர் ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுப்பித்து 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஓர்த்துசு மலபாரிக்கசு’ இம்மரத்தைப் ‘பொன்னா’ என்று மலையாளப் பெயராலேயே விவரிக்கிறது. அதனைச் சான்றாகக் கொண்டு 1753இல் லின்னேயசு இதற்குக் ‘கலோபில்லம் இனோபில்லம்’ என்று பெயரிட்டார். முதற்சொல்லுக்கு அழகிய இலை என்பது பொருள். நடுநரம்பிலிருந்து மயிரிழைபோல நெருங்கி இணையாக ஓடும் பக்க நரம்புகளை உற்று நோக்கியவர் எவரும் அப்பெயரை மறுக்கார். நம் புலவர் பூவையும் நிழலையும் பாடினர். அயல்நாட்டார் இலையைக் கண்டு பெயரிட்டனர்.

நமக்கு அருகிலுள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. லின்னேயசின் மாணவரான கேனிக் 1768இல் அங்கு மருத்துவராக வந்து இக்கரையின் செடிகொடிகளைத் திரட்டினார். 1776இல் அங்கு வந்த ராட்லர் பாதிரியாரும் அத்தகையவரே. தமிழ் அகராதி தொகுத்தவர் என்று நாம் அறிந்த அந்த ராட்லர், சிறந்த தாவர ஆய்வாளரும் ஆவார். காட்டிலும் கரையிலும் நடந்து செடியைப் பறித்து உலர்த்திய கையே சொல்லையும் தொகுத்தது. சொல்லும் பொருளும் அவரிடத்தில் பிரியவில்லை. என் வகுப்பறையில் பிரிந்து நின்றதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருவதுண்டு.

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்றனர். இந்துமாக்கடல் தீவுகளில் புன்னை இனத்து மரங்களைத் ‘தக்கமக்கா’ என்பர். ரீயூனியனில் இறங்கியவர்கள் அந்தக் கரிய நிழலையும் உருண்டைக் காயையும் கண்டபோது ஊர் முன்றிலை நினைத்திருக்கக் கூடும். அதே புன்னை இன்னும் கிழக்கே, பசிபிக் தீவான தாகித்தியில் ‘தமனு’ எனப்பட்டு, வழிபாட்டு இடங்களைச் சூழ நடப்பெற்ற புனித மரமாக விளங்கியது. மிதக்கும் வித்தைக் கடல் சுமந்து சென்ற இடமெல்லாம் மனிதர் அதனைத் தெய்வத்தோடும் இல்லத்தோடும் சேர்த்தே வைத்துள்ளனர்.

மறைவின் காரணங்கள்

இவ்வளவு சிறப்புடைய மரம் நம் முன்றிலிலிருந்து எவ்வாறு மறைந்தது? எவரும் பகைகொண்டு வெட்டியதால் அன்று. அதன் பயன்கள் ஒவ்வொன்றாக வேறு பொருள்களுக்குப் போயின என்பதே உண்மை.

முதலாவது விளக்கு. புன்னைப் பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய். அது உணவுக்கு ஆகாது. கரும்பச்சை நிறமும் கடும் மணமும் உடையது. விளக்கெரிக்கவும், முடக்கு வாதத்திற்கும் தோல் நோய்க்கும் மேற்பூச்சாகவும் பயன்பட்டது. பேச்சு வழக்கில் ‘பின்னை’ என மருவிய பெயரே ஆங்கிலேயர் வணிக ஏடுகளில் பின்னை எண்ணெய் எனப் பதிந்தது. மண்ணெண்ணெய் வந்தபின் புன்னை விளக்கு அணைந்தது; மின்சாரம் வந்தபின் அதன் நினைவும் அணைந்தது.

இரண்டாவது படகு. மரக்கலங்களின் பலகை இடுக்குகளை அடைப்பதற்கும் மரத்தைக் கடல்நீர் அரிக்காமல் காப்பதற்கும் இவ்வெண்ணெய் உதவியது. முறுக்கிழை கொண்ட அதன் மரம் கலம் கட்டப் பயன்பட்டது. மேற்குமலைப் பகுதியில் நெடிது வளரும் அதன் உறவு மரங்கள் ‘பூன்’ என்ற பெயரில் பாய்மரத் தண்டுகளாயின. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையை அடித்துச் சென்றபின், நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். அவற்றுக்குப் புன்னை எண்ணெயும் வேண்டா, புன்னைப் பலகையும் வேண்டா. படகோடு மரத்திற்கு இருந்த உறவு அத்துடன் அறுந்தது.

மூன்றாவது சவுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் எஞ்சினுக்கும் நகரத்து அடுப்புக்கும் விறகு தேவைப்பட்டது. அதற்காகச் சோழமண்டலக் கரை நெடுகச் சவுக்கு நடப்பட்டது. நட்ட நான்கைந்து ஆண்டுகளில் வெட்டிக் காசாக்கத்தக்க மரத்தோடு, பூக்கவே ஏழெட்டு ஆண்டு எடுத்துக்கொள்ளும் மரம் எவ்வாறு போட்டியிடும்? சவுக்கைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டப் பிச்சாவரப் பகுதியில் கண்டல் காடுகளும் சவுக்குத் தோப்புகளும் தமக்குப் பின்னிருந்த ஊர்களின் சேதத்தைக் குறைத்தன என்று 2005இல் வெளிவந்த ஆய்வு கூறியது. ஆயினும் சவுக்கு வெட்டுவதற்காக வைப்பது. அதன் அடியில் எவரும் வலை உலர்த்திக் கடலின் பதம் பார்த்து இருப்பதில்லை. அதனைத் தங்கை என எந்தத் தாயும் சொன்னதில்லை.

நான்காவது காரணம் நாமே. நெய்தலைப் பாடமாக்கிய நாம் அதனைத் தாளில் வைத்துப் பூட்டினோம். நம் கவியரங்குகளில் புன்னை எத்தனை முறை பூத்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். எந்த மாதத்தில் பூக்கும் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? பரதவர் வீட்டுப் பிள்ளைகளிடம் அவர்கள் அறிந்ததைக் கேளாமல், நாம் அறிந்ததையே எழுதச் சொல்லி மதிப்பெண் இட்டோம். அக்குற்றத்தில் எனக்குப் பெரும்பங்கு உண்டு.

கொல்லையில் ஒரு கன்று

மாணவி தந்த காய்களுள் நான்கை மண்டபத்தூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கொல்லையில், கடல்மணல் நிறைந்த ஒரு மூலையில், 2014 ஆடி மாதத்தில் ஊன்றினேன். ஒரு மாதம் நாள்தோறும் நீர் தெளித்துப் பார்த்தேன். முளைக்கவில்லை. கெட்டுப்போயின என எண்ணிப் பார்ப்பதை விட்டேன். புரட்டாசியில் துணி உலர்த்தச் சென்றபோது இரண்டு கன்றுகள் செந்தளிர் விட்டு நின்றன. நற்றிணைப் பாட்டு அக்கணமே நினைவுக்கு வந்தது.

பின்னர்த்தான் மரநூல்களைப் புரட்டிப் பார்த்தேன். புன்னை வித்தின் ஓடு மிகக் கடியது. ஓட்டை நீக்கி ஊன்றினால் மூன்று வாரத்தில் முளைக்கும். ஓட்டோடு ஊன்றினால் இரண்டு மாதம்வரை ஆகும். விளையாட்டில் மணலில் அழுத்திய வித்தைச் சிறுமியர் மறந்தனர் என்பது கவிதைக்காகச் சேர்த்த அழகு என்றே அதுவரை நான் எழுதிவந்தேன். அன்று. மறந்துபோகத்தக்க அளவு காலம் கழித்து முளைப்பதே அவ்வித்தின் இயல்பு. வெண்மணல் அதற்குரிய நிலம். ஏழெட்டு வயதில் மணலாடும் பருவத்தில் ஊன்றிய வித்து, பதினாறு பதினேழு வயதில் காதலனோடு நிற்கும் அளவிற்கு நிழல் தரும். அவ்வளவு காலத்தில் அது பூக்கவும் தொடங்கியிருக்கும். பெண்ணின் பருவமும் மரத்தின் பருவமும் ஒத்துச் செல்வதாலேயே தாய் அதனைத் தங்கை என்றாள். பெயர் தெரியாத அப்புலவர் புன்னையை வளர்த்துப் பார்த்தவர், அல்லது வளர்த்தாரை அருகிருந்து கண்டவர் என்றே நான் துணிகிறேன்.

வளர்க்க விரும்பும் நண்பர்களுக்காகச் சில குறிப்புகளை இங்கே தருவது பொருந்தும். தானே உதிர்ந்த முற்றிய காயை எடுத்து, மேல்தோலை உரித்து, உள்ளிருக்கும் ஓட்டை மெல்லத் தட்டி விரிசல் விடச்செய்து, ஈரமணலில் மேலாக ஊன்றவேண்டும். கன்று ஓரடிக்கு மேல் வளர்ந்தபின், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகப் புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ குழியில் நடுக. இரண்டடிக் குழியில் மணலோடு மக்கிய எருவும் குளத்து வண்டலும் சேர்த்தல் நன்று. வீட்டுச் சுவரிலிருந்து இருபதடியேனும் தள்ளி நடவேண்டும். ஏனெனில் இது மேலே வளர்வதைவிடப் பக்கவாட்டில் குடைபோல் விரியும் மரம். முதல் இரண்டு கோடைக்குத் தவறாமல் நீர் ஊற்றவேண்டும். பாட்டில் வரும் நெய்ப்பாலின் பொருளும் இவ்வளவே: தொடக்கத்தில் தாயின் கவனம் வேண்டும். அதன்பின் வேர் தானே ஊற்றைத் தேடிக்கொள்ளும். பட்டையை வெட்டினால் வரும் பால் கண்ணில் படலாகாது, காயை உண்ணலாகாது.

வறட்சியைத் தாங்கும் என்பதையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். வேம்பைப் போலவோ வேலத்தைப் போலவோ கரிசல் வறட்சியில் நிற்கும் மரமன்று இது. கடலோர மணலில், உவர்நீருக்கு மேலே மிதக்கும் மழைநீர் ஊற்றை நம்பி, மாசி தொடங்கி ஆவணி வரை பெரிதாக மழையில்லாத மாதங்களை இலையுதிர்க்காமல் கடப்பது இதன் ஆற்றல். நம் கரைக்கு வேண்டியதும் அவ்வாற்றலே. காவிரி நீர் கடைமடைக்கு வந்து சேராத ஆண்டுகள் பலவற்றைக் கண்டுவிட்டோம். கிணறுகள் உவர்ப்பேறுகின்றன. இந்நிலத்தின் இயல்பறிந்து வளர்ந்த மரத்தை விட்டு, நாள்தோறும் நீர் கேட்கும் அயல்நாட்டு அழகுச் செடிகளைத் தொட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கசா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறியது. இங்கும் காற்று பேயாய் அடித்தது. கொல்லையில் நின்ற முருங்கை முறிந்து வீழ்ந்தது. நாலாண்டுப் புன்னை இரண்டும் சாய்ந்தன. ஆனால் வேர் பெயரவில்லை. முட்டுக் கொடுத்து நிமிர்த்தியபோது நின்றன. 2023இல் ஒரு மரம் முதன்முறையாகப் பூத்தது. வெள்ளை இதழ்களின் நடுவே மஞ்சள் கேசரக் கற்றை. விடியலில் மணல்மேல் உதிர்ந்து கிடந்தவற்றைக் கண்டபோது, பொன்துகள் என்று புலவர் சொன்னது மிகையன்று எனத் தெரிந்தது.

நிறைவாக

சங்க காலத்தில் முன்றில் மரம். அரசர்க்குக் காவல் மரம். பக்திக் காலத்தில் தலமரம். ஐரோப்பியர் ஏட்டில் பெயரும் விலையும் பெற்ற சரக்கு. இன்று பாடநூலில் ஒரு சொல். புன்னையின் வரலாற்றை இவ்வாறு சுருக்கிவிடலாம். இதில் கடைசி நிலை நம் காலத்தில், நம் கண்ணெதிரே வந்தது. ஆதலால் அதனை மாற்றும் பொறுப்பும் நம்முடையதே. பொருள் மறைந்தபின் சொல் நெடுநாள் வாழாது. ஞாழல் எந்த மரம் என்று அறிஞர் இன்று வழக்கிடுகின்றனர். புன்னைக்கும் அந்நிலை நேர்ந்துவிடக் கூடாது.

மண்டபத்தூரில் இன்னும் புன்னை நிற்கிறது. அதன் பெயரைச் சொல்லும் முதியோரும் அதன் காயில் கோலியாடும் சிறுவரும் இருக்கின்றனர். நம் வட்டத்தின் அடுத்த நெய்தற் கூட்டத்தை மண்டபத்திலன்றி அம்மரத்தடியில் நடத்தலாம் என்பது என் விண்ணப்பம். அக்கூட்டத்தில் முதலில் பேசவேண்டியவர் நாமல்லர். கடல் பார்த்து இருக்கும் அவ்வூர்ப் பெரியவர்கள். திரும்பும்போது ஒவ்வொருவரும் ஒரு காயை எடுத்துச் செல்வோம். ஊன்றிவிட்டு மறந்தாலும் குற்றமில்லை.

காய் கொண்டுவந்து கொடுத்த மாணவி இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியை. சென்ற மாசி மகத்திற்கு வந்தவள் கொல்லைக்குச் சென்று மரத்தைப் பார்த்தாள். நிழல் அப்போதுதான் இருவர் நிற்கும் அளவிற்கு விரிந்திருந்தது. “உங்கள் தங்கை நன்றாக வளர்ந்துவிட்டாள், அம்மா” என்றாள். அவள் வகுப்பில் அப்பாட்டை அவளே நடத்துகிறாள், மரத்தையும் காட்டுகிறாள்.